எறும்பூர்க் குன்றின் சாட்சிகள்

திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சைக்குச் செல்லும் வழியில், திருவெறும்பூரிலே ஒரு சிறு குன்று. குன்றின் உச்சியில் ஒரு கோயில். அசுரனுக்கு அஞ்சிய தேவர்கள் எறும்பு வடிவம் எடுத்து ஊர்ந்து வந்து ஈசனை வழிபட்ட இடம் என்று கதை சொல்லுகிறது தலபுராணம். எறும்பாக வந்த தேவர்களைக் கண்டவர் யார்? ஒருவரும் இலர். கண்டதாகச் சொன்னவரும் இலர்; சொன்னதாகச் சொன்னவர்தாம் உண்டு. ஆனால், அதே குன்றின் மீது பீரங்கி ஏறிற்று. அதைக் கண்டவர் உண்டு. கண்டதை எழுதி வைத்தவர் உண்டு. எழுதியவர் சொன்னதை மறுத்து எழுதியவரும் உண்டு. வரலாறு தொடங்கும் இடம் அதுதான். அந்தச் சாட்சிகளைப் பற்றியே இங்கு ஆராயப் புகுகிறோம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் இந்தப் பகுதியில் நடந்த போர்களை விரிவாக எழுதியவர் இராபர்ட் ஓர்ம் என்னும் ஆங்கிலேயர். அவருடைய பெருநூலைப் புரட்டித் திருவெறும்பூர் என்ற பெயரைத் தேடுவோர் ஏமாந்து போவர். அங்கே இருப்பது ‘எலிமிசரம்’. எறும்பீசுவரம் வெள்ளையர் நாவில் பட்ட பாடு அது! உய்யக்கொண்டான் ‘வெய்கொண்டா’ ஆயிற்று. உறையூர் ‘வாரியூர்’ ஆயிற்று. கூத்தைப்பார் ‘கூட்டப்பாரா’ ஆயிற்று. கொள்ளிடம் ‘கோலரூன்’ ஆயிற்று. பொன்மலை மட்டும் மொழிபெயர்க்கப்பட்டுப் பொருளாவது பிழைத்தது. எலிமிசரத்துக் குன்றைப் பற்றிய பக்கங்களைப் படித்துவிட்டு, அது தம் வீட்டு வாயிலில் இருக்கும் குன்று என்று அறியாமலே நூலை மூடி வைத்தவர் எத்தனை பேரோ!

ஊர்ப் பெயரில் மட்டுமா குழப்பம்? நாளிலும் குழப்பம். 1752 செப்டம்பர் வரையில் ஆங்கிலேயர் பழைய நாட்காட்டியையே வைத்துக்கொண்டிருந்தனர். பிரெஞ்சுக்காரர் புதியதைக் கைக்கொண்டிருந்தனர். இரண்டுக்கும் இடையே 11 நாள் வேறுபாடு. சீரங்கத் தீவில் பிரெஞ்சுத் தளபதி ழாக் லா சரணடைந்தது ஆங்கிலக் கணக்கில் 1752 ஜூன் மாதத்தின் முதல் சில நாட்கள். பிரெஞ்சுக் கணக்கில் ஜூன் 13. நாள் பார்த்து, கோள் பார்த்து, நட்சத்திரம் பார்த்துப் பயணம் வைப்போர் இருக்கிறார்களே, அவர்கள் இந்த இரண்டில் எதை நல்ல நாள் என்று கொள்வார்களோ, நாமறியோம்.

*

போரின் தன்மையை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். 1748இல் ஆங்கில நாடும் பிரெஞ்சு நாடும் ஐரோப்பாவில் உடன்படிக்கை செய்துகொண்டன. 1756 வரையில் அங்கே அவ்விரு நாடுகளும் முறைப்படி போர் அறிவிக்கவில்லை. ஆனால், 1751 முதல் 1754 வரை காவிரிக் கரையில் அதே ஆங்கிலேயரும் அதே பிரெஞ்சுக்காரரும் ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்தினர். எந்த முறையில்? “நாங்கள் போர் புரியவில்லை, நாட்டு மன்னருக்குத் துணை நிற்கிறோம், அவ்வளவே” என்பது இரு தரப்பாரும் வைத்துக்கொண்ட வாதம். ஆர்க்காட்டு நவாப் பதவிக்கு முகமது அலி போட்டியிட்டார். அவருக்குத் துணை ஆங்கிலக் கும்பெனி. சந்தா சாகிபு போட்டியிட்டார். அவருக்குத் துணை பிரெஞ்சுக் கும்பெனி. துணைவர் என்று வந்தார்கள். ஆலோசகர் என்று அமர்ந்தார்கள். நாளடைவில், ஆலோசனை கேட்டவர் வாசலில் காத்து நிற்க, ஆலோசனை சொன்னவர் கூடத்தில் கொலுவிருந்தார். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு, வியத்நாமில் அமெரிக்கா தன் படையாட்களை முதலில் அனுப்பியபோது அவர்களுக்குச் சூட்டிய பெயரும் ஆலோசகர் என்பதுதான். பெயர் புதிதல்ல.

1751இல் சந்தா சாகிபின் படையும் பிரெஞ்சுப் படையும் திருச்சியை வளைத்தன. உள்ளே முகமது அலி. முற்றுகையின் கடுமையைக் குறைக்கக் கிளைவ் ஆர்க்காட்டைப் பிடித்ததும், அங்கே 50 நாள் தாக்குப்பிடித்ததும் பள்ளிப் பிள்ளைகள் அறிந்த கதை. 1752 வசந்தத்தில் ஸ்டிரிங்கர் லாரன்சு என்னும் தளபதி படையோடு திருச்சிக்கு வந்து சேர்ந்தார். லா அஞ்சிக் காவிரியைக் கடந்து சீரங்கத் தீவுக்குள் ஒதுங்கினார். ஐரோப்பாவில் காகிதப் பணத்தால் பிரெஞ்சு நாட்டையே கவிழ்த்த ஜான் லா என்பவரின் தம்பி மகன் இவர். குடும்பத்துக்கு இது இரண்டாவது கவிழ்ப்பு. தென்கரையில் லா விட்டுச் சென்ற காவல்களில் ஒன்று எறும்பூர்க் குன்று. தஞ்சைச் சாலையைக் கண்காணிக்க அதைவிடத் தக்க இடம் ஏது? ஜான் டால்ட்டன் என்ற கேப்டன் அதைத் தாக்கிக் கைப்பற்றினார். இறைவன் குடியிருப்பதாகச் சொல்லப்பட்ட மதிற்சுவர் பிரெஞ்சுக்காரருக்கும் அரணாகவில்லை. பின்னர் ஆங்கிலேயருக்கும் நிலையான அரணாகவில்லை. சீரங்கத்தின் ஏழு திருச்சுற்றும், திருவானைக்காவின் மதில்களும் அந்நாளில் பாசறையாகவும் பண்டகசாலையாகவும் பயன்பட்டன. தீட்டு என்று சொல்லி இந்நாட்டு உழைப்பாளியை எட்ட நிறுத்திய வாயில்கள் பீரங்கி வண்டிக்கு அகலத் திறந்தன என்பதைக் குறித்து வைத்துவிட்டு மேலே செல்வோம்.

*

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரிகிறது?

ஓர்ம் போர்க்களத்தில் நின்றவர் அல்லர். நம் நாட்டின் தென்கோடியில் அஞ்சுதெங்குக் கோட்டையில் 1728இல் பிறந்தவர், கும்பெனி எழுத்தர், 1754 முதல் 1758 வரை சென்னை ஆலோசனைச் சபையில் உறுப்பினர். அவர் செய்த வேலை ஒன்றுதான். போரில் இருந்தவர்களைத் தேடிப் பிடித்தார். நாட்குறிப்பு உண்டா என்று கேட்டார். கடிதம் உண்டா என்று கேட்டார். நிலப்படம் உண்டா என்று கேட்டார். ஒருவர் சொன்னதை மற்றவர் சொன்னதோடு ஒட்டிப் பார்த்தார். கேப்டன் டால்ட்டனின் குறிப்புகள் அவர் கைக்கு வந்தன. லாரன்சு எழுதிய போர் விவரம் 1761இல் கேம்பிரிட்சு என்பவர் தொகுத்த நூலில் அச்சேறியது. ஓர்மின் முதல் தொகுதி 1763இலும் அடுத்தது 1778இலும் வெளிவந்தன. அவர் திரட்டிய தாள்கள் இன்றும் இலண்டனில் பாதுகாக்கப்படுகின்றன. ஒரு படைத்தலைவன் என்ன செய்தான் என்பதை அவனிடமே கேட்டால் தற்புகழ்ச்சி வரும்; அவனுடைய அரசரிடம் கேட்டால் பட்டயம் வரும்; அவனோடு பசித்தவனிடம் கேட்டால்தான் உண்மையின் ஒரு பகுதியாவது வரும். இது ஓர்ம் அறிந்திருந்த நுட்பம். அவர் கும்பெனியின் சம்பளக்காரர் என்பதை மறவாமல், இந்த உழைப்புக்கு உரிய மதிப்பை நாம் கொடுக்கத்தான் வேண்டும்.

உடன் நின்றவர்களின் சாட்சியால் மட்டுமே நமக்குத் தெரிய வந்த ஒரு மாவீரன் உண்டு. யூசுப் கான் — நம் மக்கள் கான் சாகிபு என்றும், மருதநாயகம் என்றும் வழங்கும் பெயருடையவர். இராமநாதபுரத்துப் பனையூரில் பிறந்த வேளாளர் என்றும், பின்னர் இசுலாத்தைத் தழுவினார் என்றும் வழிவழிச் செய்தி கூறுகிறது. அவர் தம்மைப் பற்றித் தன்வரலாறு எழுதி வைக்கவில்லை. அவர் திருச்சிப் போரில் ஆற்றிய பணி லாரன்சின் எழுத்திலும், அதை வாங்கி விரித்த ஓர்மின் எழுத்திலும் வாழ்கிறது.

என்ன பணி அது? 1753இல் திருச்சிக் கோட்டையின் களஞ்சியத்தைச் சோதித்துப் பார்த்தார் டால்ட்டன். தானியம் மூன்று வாரத்துக்குத்தான் இருந்தது! நிறைய இருக்கிறது, நிறைய இருக்கிறது என்று நவாபின் மைத்துனர் சொன்ன சொல்லை நம்பி, திறந்து பார்க்காமல் இருந்துவிட்டார்கள். இருந்த நெல்லை அந்த மைத்துனர் விற்றுவிட்டிருந்தார். உயர்ந்த இடத்து ஆள் சொன்னால் உண்மையாகத்தான் இருக்கும் என்று எண்ணுவது நம்மவர்க்கு மட்டும் உரிய நோய் அன்று போலும்.

அந்நிலையில் சுற்றிலும் பகைப்படை. மைசூர் நஞ்சராசன் முதலில் ஆங்கிலேயர் பக்கம் இருந்தவர். திருச்சியைத் தருவதாக முகமது அலி சொன்ன வாக்குப் பொய்த்ததும் பிரெஞ்சுப் பக்கம் சாய்ந்துவிட்டார். மராத்தியத் தலைவர் முராரி ராவின் குதிரைப்படையும் அப்பக்கமே. திருச்சிக்குச் சோறு வர வேண்டுமானால் புதுக்கோட்டைத் தொண்டைமான் நாட்டுக் காடுகளிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் மாட்டுப் பொதியாக வர வேண்டும். லாரன்சிடம் இருந்த சிப்பாய்கள் ஏறத்தாழ 2,000 பேர். அவர்களில் 700 பேர் ஓயாமல் இந்தப் பொதிகளைத் திரட்டவும் காக்கவுமே அலைந்தனர் என்பது ஓர்ம் தரும் கணக்கு. வழி எது, எந்த இரவில் புறப்படுவது, எந்தக் குன்றின் மறைவில் தங்குவது, பகைவன் குதிரை எங்கே நிற்கிறது — இவற்றையெல்லாம் ஒற்றர்களை வைத்து அறிந்து சொன்னவர், பொதியை நடத்தியவர் யூசுப் கான். ஐரோப்பாவிலிருந்து வந்த ஆலோசகர்களுக்கு ஆலோசகர்! அவர் இரவில் உறங்காமல் இருந்ததால்தான் வெள்ளைத் தளபதிகள் பகலில் வெற்றி கொண்டாட முடிந்தது.

லாரன்சு இதை மறைக்கவில்லை. பிறவிப் போர்வீரர் என்றும், துணிவும் விழிப்பும் ஒருங்கே உடையவர் என்றும், தாமாகவே முன்வந்து எந்த வேலையையும் ஏற்பவர் என்றும் தம் எழுத்தில் அவரைப் பாராட்டினார். சிப்பாய்கள் அனைவருக்கும் தலைவராக அவரை ஆக்கவும் பரிந்துரைத்தார், 1754இல் ஆக்கப்பட்டார். சென்னைக் கும்பெனி பொற்பதக்கமும் அளித்தது. ஆனால், லாரன்சின் புகழுரையில் ஒரு வால் உண்டு: ‘அவருடைய நிறத்தாரில்’ என்ற வால். வீரத்தை அளந்த கோலிலேயே தோலின் நிறத்தையும் குறித்து வைத்தார் அந்த நல்ல மனிதர். நாம் நன்றியோடு படிக்கும் சாட்சியிலும் இப்படிப்பட்ட கறை இருக்கும். கறையைத் துடைத்துவிட்டுப் படிக்க வேண்டாம், கறையோடு படிக்க வேண்டும்.

*

சாட்சியே நஞ்சாக மாறிய நிகழ்ச்சி ஒன்று 1754இல் நடந்தது. லாரன்சுக்கு மொழிபெயர்த்துச் சொன்ன துபாசி ஒருவர் இருந்தார். ஓர்ம் எழுதும் ஒலியில் ‘போனியாப்பா’. பொன்னப்பனோ பொன்னையப்பனோ, உண்மைப் பெயர் ஆங்கில எழுத்துக்குள் அமிழ்ந்துவிட்டது. தளபதியின் செவியும் நாவும் அவரே. தளபதிக்குத் தமிழும் தெரியாது, பாரசீகமும் தெரியாது. ஆகவே துபாசி சொன்னதே செய்தி, துபாசி மறைத்ததே இரகசியம். இவர் மைசூர் நஞ்சராசனோடு உள்ளுறவு கொண்டார். திருச்சி வீழ வேண்டுமானால் முதலில் வீழ வேண்டியவர் யூசுப் கான். அவர் கண்ணுக்குத் தப்பி எதுவும் நடவாது என்று சூழ்ச்சி வகுக்கப்பட்டது. யூசுப் கான் கோட்டையைக் காட்டிக்கொடுக்க இசைந்துவிட்டதுபோல் ஒரு கடிதம் எழுதப்பட்டது. ஆங்கிலேயர் கையில் அகப்படும்படி அதை விட்டனர். கடிதம் அகப்பட்டது. படித்துப் பொருள் சொல்ல அழைக்கப்பட்டவர் யார்? அதே துபாசி!

நேற்றுவரை உயிரைக் கொடுத்து உணவு கொண்டுவந்த யூசுப் கான் இன்று சிறையில். ஒரு தாள் போதுமாயிருந்தது. மூன்று ஆண்டுப் பணியைக் கண்ணால் கண்டவர்கள் சுற்றிலும் இருக்க, யாரோ எழுதிய தாள் அவர்களுடைய கண்களை வென்றது. எழுத்தில் இருப்பது மெய் என்னும் மயக்கம் எவ்வளவு பழையது! ஆனால், ஆங்கிலேயர் அத்தோடு நிற்கவில்லை; விசாரணை நடத்தினர். போய் வந்த ஆட்களைத் தனித்தனியே கேட்டனர். சொற்கள் முரண்பட்டன, சூழ்ச்சியின் நூல் துபாசியின் கையில் போய் முடிந்தது. யூசுப் கான் விடுவிக்கப்பட்டார். துபாசி பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்கப்பட்டார். கொடுமையான தண்டனை, அக்காலப் படைமுறை அப்படி. யூசுப் கானின் குற்றமின்மையைக் காத்தது தெய்வச் சத்தியமோ தீமிதிச் சோதனையோ அன்று, குறுக்குக் கேள்வி.

துபாசிகளில் எழுத்தாளரும் இருந்தார். புதுச்சேரியில் துய்ப்ளேயின் துபாசியாயிருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். ஐரோப்பியரின் போரை ஒரு தமிழர் தமிழில் எழுதி வைத்த அருஞ்செல்வம் அது. 1846இல்தான் கண்டெடுக்கப்பட்டது. அதிலே விலைவாசி உண்டு, வம்பு உண்டு, ஆளுநர் மாளிகையின் மூச்சுக்காற்று உண்டு. ஆனால் அவரும் திருச்சிக் களத்துக்குத் தொலைவில் இருந்தவர். அவர் காதுக்கு வந்தது பெரியவர்கள் செய்தி. முகமது அலியின் அரசவை வரலாறோ பாரசீகத்தில் புர்கான் எழுதியது; முகமது உசேன் நயினார் ஆங்கிலமாக்க, சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. அதிலே நவாபே ஞாயிறு; ஆங்கிலேயர் அந்த ஞாயிற்றைச் சுற்றும் விண்மீன்கள். ஓர்மைப் படித்துவிட்டு அதைப் படிப்போர்க்குச் சிரிப்பு வரும்; அதைப் படித்துவிட்டு ஓர்மைப் படித்தாலும் சிரிப்பு வரும். இரண்டையும் படிப்பதே நன்று.

சந்தா சாகிபு எப்படிச் செத்தார் என்ற வினாவையே எடுத்துக்கொள்வோம். 1752 ஜூனில் தஞ்சைத் தளபதி மானோஜியிடம் உயிருக்கு உறுதி பெற்றுச் சரணடைந்தார், தலை வெட்டப்பட்டது. இதுவரையில் எல்லாச் சாட்சியும் ஒன்று. வெட்டச் சொன்னவர் யார்? கைதியை யார் வைத்துக்கொள்வது என்று நட்புப் படையினருக்குள்ளேயே சச்சரவு இருந்தது, செயல் தஞ்சையாருடையது என்பது ஆங்கிலச் சாட்சி. லாரன்சே பொறுப்பு என்று குற்றம் சாட்டினார் துய்ப்ளே. தடுக்கும் வலிமை உடையவர் தடுக்காமல் இருந்தார் என்ற அளவு இரு தரப்புச் சொல்லிலிருந்தும் பெறப்படுகிறது. அதற்கு மேல் தீர்ப்பெழுத நாம் விரும்பவில்லை.

*

திருவெறும்பூருக்குத் திரும்புவோம். குன்றிலிருந்து கூப்பிடு தொலைவு என்று சொல்லத்தக்க அண்மையில் கூத்தைப்பார். 1754 பிப்ரவரியில் திருச்சிக்கு வந்துகொண்டிருந்த பெரும் பொதி ஒன்று அங்கே மறிக்கப்பட்டது. காவலுக்கு வந்த ஆங்கிலக் கிரனேடியர் படை, லாரன்சு தம் வலக்கையாக மதித்த படை, ஒரு காலைப் பொழுதில் அழிந்தது. செத்தவர் போக மற்றவர் சிறைப்பட்டனர். தாக்கியவர் யார்? ஓர்மின் பக்கங்களில் முன்னே நிற்பது முராரி ராவின் மராத்தியக் குதிரைப்படை. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் மைசூரில் ரெசிடென்டாக இருந்த மார்க்கு வில்க்சு என்பவர் வேறொரு வழியில் சென்றார். ஐதர் அலியின் பழைய அதிகாரிகள் அப்போது மைசூரில் உயிரோடு இருந்தனர். அவர்களைக் கேட்டார், கேட்டதை எழுதினார். அந்த எழுத்திலே, அந்நாளில் பெரும்புகழ் பெறாத மைசூர்ப் படைத்தலைவர் ஐதர் கூத்தைப்பார்க் களத்தில் இருக்கிறார், பீரங்கிகளைக் கைப்பற்றிக்கொள்கிறார். ஒரே வயல், ஒரே காலை. வென்றவன் தோழனைக் கேட்டால் ஒருவன் முன்னே வருகிறான்; தோற்றவன் தோழனைக் கேட்டால் வேறொருவன் முன்னே வருகிறான். ஐதரின் தோழர்களுக்குத் தம் தலைவனை உயர்த்தும் ஆசை இருந்திருக்கும். ஆங்கிலேயர்க்கு அன்று ஐதரை அடையாளம் தெரிந்திராது. இரண்டும் இயல்பே.

ஆனால், அந்தப் பொதியை ஓட்டி வந்தவர்கள்? மாடுகளைப் பற்றிய குறிப்பு உண்டு. அரிசியைப் பற்றிய குறிப்பு உண்டு. ஓட்டியவர் பெயர் ஒன்றேனும் உண்டா? 1753 ஜூன் 26இல் பொன்மலையில் நடந்த சண்டையைப் பாருங்கள். மலைமேல் காவல் நின்றவர்கள் இருநூறு சிப்பாய்கள். பிரெஞ்சுப் படை ஏறி வந்து அவர்களைச் சிதைத்தது. பிறகு லாரன்சு தம் கிரனேடியர்களை ஏவி மலையை மீட்டார், புகழ் பெற்றார், பாடநூலில் இடம் பெற்றார். மீட்பதற்கு முன்பு காத்து நின்றவர்களின் ஊர் எது, பெயர் எது, பெற்றவள் யார்? டால்ட்டன் பெயரில் கோட்டையில் ஒரு பீரங்கி மேடையே இருந்தது. 1753 நவம்பர் இறுதியில் பிரெஞ்சுக்காரர் நள்ளிரவில் அதன்மீது ஏணி வைத்து ஏறித் தோற்றபோது, அந்த மேடையின் பெயர் வரலாற்றில் நிலைத்தது. அதற்குக் கல் சுமந்தவன் பெயர்?

இந்தக் குறைக்குக் காரணம் சிப்பாய்களிடம் வீரம் இல்லாமை அன்று. சாட்சி சொல்லத் தோழர் இல்லாமையும் அன்று. ஒவ்வொரு சிப்பாய்க்கும் பக்கத்தில் ஒரு சிப்பாய் நின்றான், எல்லாவற்றையும் கண்டான். கண்டவன் கையில் எழுத்து இல்லை. எழுத்து அவனுக்கு மறுக்கப்பட்டிருந்தது. கல்வி யாருக்கு உரியது, யாருக்கு ஆகாதது என்று பிறப்பைக் காட்டிப் பிரித்து வைத்த ஏற்பாடு, அவன் வாழ்வை மட்டுமா குறைத்தது? அவன் சாவின் செய்தியையும் சேர்த்து அழித்தது. டால்ட்டன் எழுதினார், ஆகவே டால்ட்டன் இருக்கிறார். டால்ட்டனின் ஆணையை நிறைவேற்றியவன் எழுதவில்லை, ஆகவே ‘சிப்பாய்கள் இருநூறு’ ஆனான்.

*

யூசுப் கானின் எஞ்சிய வாழ்வை நாம் சுருக்கமாகவே சொல்லுவோம். அது மதுரைக்கு உரிய கதை. 1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை லாலி சென்னையை முற்றுகையிட்டபோது வெளியிலிருந்து பிரெஞ்சுப் படையை ஓயவிடாது அலைக்கழித்தவர் அவர். உடன் நின்றவர் செங்கற்பட்டிலிருந்த கேப்டன் பிரெஸ்ட்டன். பின்னர் மதுரையையும் நெல்லையையும் ஆண்டார். நவாபுக்கு அடங்க மறுத்தார். 1763இல் கும்பெனியும் நவாபும் படையெடுத்தனர். இப்போது மதில் ஏற வந்தவர்களில் அதே பிரெஸ்ட்டனும் இருந்தார்; 1764இல் மதுரைத் தாக்குதலில் காயமுற்று இறந்தார். யூசுப் கான் தம் பணியில் அமர்த்திக்கொண்ட பிரெஞ்சுத் தலைவர் மார்ச்சாண்டும், திவான் சீனிவாச ராவும் சேர்ந்து அவரைப் பிடித்துக் கொடுத்தனர். மீண்டும் ஆலோசகர்கள்! 1764 அக்டோபர் 15இல் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். கயிறு அறுந்தது, மறுபடி அறுந்தது என்று மக்கள் கதை கட்டினர். கயிறு அறுந்ததை நாம் நம்ப வேண்டியதில்லை. அறுந்திருக்கக் கூடாதா என்று மக்கள் ஏங்கியதை நம்பலாம். அந்த ஏக்கம் ‘கான் சாகிபு சண்டை’ என்ற கதைப்பாடலாக ஊர் ஊராக வழங்கிற்று, பிற்காலத்தில் நா. வானமாமலை அதை அச்சில் கொண்டுவந்தார்.

கும்பெனி என்ன செய்தது? பதக்கம் கொடுத்த கையால் ‘கலகக்காரன்’ என்று எழுதியது. 1914இல் ஹில் என்ற ஆங்கில ஆராய்ச்சியாளர், ஓர்மின் தாள்களையும் சென்னை ஆவணங்களையும் துருவி யூசுப் கானின் முழு வரலாற்றை எழுதியபோது தலைப்பிலேயே அந்தச் சொல் ஏறிற்று. ஆனால் நூலின் உள்ளே? பழைய தோழர்கள் திருச்சிக் காலத்தில் எழுதி வைத்த பாராட்டுகள் அப்படியே கிடக்கின்றன. தூக்கிலிட்டவர்களால் அவற்றைத் திரும்பப் பெற இயலவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருச்சிக் குன்றுகளில் சென்னைச் சிப்பாய் குருதி சிந்தி ஆங்கிலேயர்க்கு ஒரு நாட்டைப் பிடித்துக் கொடுத்து நூற்று முப்பது ஆண்டுகள் ஆன பின், 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைவராயிருந்த இராபர்ட்சு, தென்னாட்டார் போர்க்குணம் குன்றியவர் என்று தீர்ப்பளித்தார். வடக்கே சில இனத்தார்தாம் பிறவிப் போர்மறவர் என்ற கொள்கை பரவிற்று. சென்னைப் படைப்பிரிவுகள் பல கலைக்கப்பட்டன. பிறப்பால் ஒருவன் வீரன், பிறப்பால் ஒருவன் கோழை! மனுவை ஆங்கிலத்தில் எழுதினால் இப்படித்தான் இருக்கும். அதை மறுக்கப் பொன்மலையின் இருநூறு பேர் வரவில்லை. அவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. மறுப்பு அவர்களுடைய எதிரியின் கையிலும் தளபதியின் கையிலும் இருந்த தாள்களில் உறங்கியது.

முதல் உலகப் போருக்குப் பிறகு தமிழ்நாட்டின் பல ஊர்களில் ஒரு கல் பதித்தார்கள். இவ்வூரிலிருந்து 1914–1919 பெரும்போருக்கு இத்தனை பேர் சென்றனர், இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்பது வாசகம். எண் உண்டு, பெயர் இல்லை. திருச்சியில் காந்திச் சந்தையருகே நிற்கும் போர் நினைவுச் சின்னத்தைக் காய்கறிக் கூடையோடு கடந்து செல்வோர் ஆயிரம் பேர். 1753இன் வழக்கம் 1919இலும் மாறவில்லை. இடையிலே எழுத்துப் பள்ளிகள் வந்திருந்தும் மாறவில்லை.

திருவெறும்பூர்ப் பக்கத்தில் 1966 முதல் துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. பொன்மலையில் 1928 முதல் இரயில்வே பணிமனை இருக்கிறது. குன்றுகளைச் சுற்றிய ஊர்களில் படையிலிருந்து ஓய்வுபெற்றோர் பலர் வாழ்கின்றனர். 1965இன் எல்லைப்போர் கண்டவர், 1971இல் வங்கத்துக்குச் சென்றவர், 1987 முதல் 1990 வரை இலங்கையில் நின்றவர். அவர்களுள் அதிகாரியாயிருந்தவர் சிலர் நூல் எழுதியிருப்பர். சமையற்காரராக, ஓட்டுநராக, பொதி காப்பவராக இருந்தவர் எழுதியிருக்க மாட்டார், கேட்டால் சொல்லுவார். அவர் சொல்லுவதை அவரோடு இருந்த மற்றொருவரிடம் காட்டினால், “இல்லை, அன்று மழை, வண்டி இரண்டு அல்ல, மூன்று” என்று திருத்துவார். எழுதுகோல் இன்று நம் இளைஞர் கையில் இருக்கிறது. பெயர், ஊர், பிரிவு, நாள் — முதல் பக்கத்தில் இந்த நான்கும் வேண்டும். ஊரின் பெயரை ஊரார் சொல்லும்படியே எழுத வேண்டும். எலிமிசரம் ஒன்று போதும்.